தொடக்கமே அளவுகோல்: இடைக்கால ஆங்கிலக் கதைகளின் பாயிரங்கள்

பியோவுல்ஃப் காவியத்தில் மொத்தம் 3182 அடிகள். நாயகன் முதன்முதலாகத் தலைகாட்டுவது 194ஆம் அடியில். அவன் தன் பெயரைச் சொல்வது 343ஆம் அடியில். அதற்கு வெகுமுன்பே கவிஞர் வேறொரு மன்னனைப் பிறக்கவைத்து, வாழவைத்து, அடக்கமும் செய்துவிடுகிறார். ஷில்ட் என்ற அந்த டேனிய மன்னன் கேட்பாரற்ற குழந்தையாகக் கடல்வழி வந்து சேர்ந்தவன். வளர்ந்தான், சுற்றியிருந்த குலங்களை அடக்கித் திறை வாங்கினான், ஒரு மகனைப் பெற்றான், காலம் வந்தபோது செத்தான். உடலைக் கப்பலின் பாய்மரத்தடியில் கிடத்தி, பொன்னும் படைக்கலமும் குவித்து, தலைக்குமேல் பொற்கொடி கட்டிக் கடலில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சரக்கு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, கவிஞர் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறார்.

இந்த முகப்பைப் பிற்கால ஒட்டு என்று ஒதுக்கிய அறிஞர்கள் உண்டு. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் எழுதப்பட்ட, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ஒரே பிரதியில்கூட இந்த 52 அடிகளுக்குப் பகுதி எண் கிடையாது. முதல் எண் இதற்குப் பின்புதான் தொடங்குகிறது. ஆனால் காவியத்தின் கடைசிப் பக்கங்களோடு சேர்த்துப் படித்தால் ஒட்டு என்ற எண்ணம் நிற்காது. அங்கே பியோவுல்ஃப் சாகிறான். சிதை மூட்டுகிறார்கள், கடல்முனையில் மேடு எழுப்புகிறார்கள், புதையலை மண்ணுக்குள் வைக்கிறார்கள், பன்னிரண்டு வீரர்கள் மேட்டைச் சுற்றிக் குதிரையில் வலம்வந்து அழுகிறார்கள். ஷில்டுக்கு மகன் இருந்தான். அதனால் அவன் சாவுக்குப் பின் நாடு தழைத்தது. பியோவுல்ஃபுக்கு மகன் இல்லை. கவசத்தைக் கொடுத்துவிட்டுப் போக ஒரு பிள்ளை இல்லையே என்று அவனே வருந்துகிறான். பகைவர்கள் இனிப் படையெடுத்து வருவார்கள் என்ற அச்சம் சிதைப் புகையோடு எழுகிறது. முதல் ஈமச்சடங்கை நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் இரண்டாவதில் இல்லாமல் போனது என்ன என்று தெரியும். 1936இல் பிரிட்டிஷ் அகாதெமியில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் ஜே.ஆர்.ஆர்.டோல்கீன் இக்காவியத்தின் அமைப்பையே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான எதிர்நிலை என்று விளக்கினார்.

இடைக்கால ஆங்கில இலக்கியத்தின் பெரிய படைப்புகளை வரிசையாகப் பார்த்தால் இந்த முறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. தொடக்கப் பகுதி அங்கே கதைக்குள் நுழையும் வழியாக மட்டும் இருப்பதில்லை. முடிவை எதை வைத்து அளக்க வேண்டும் என்பதை அது முன்கூட்டியே ஊன்றிவிடுகிறது. சில கவிஞர்கள் அந்த அளவுக்குள்ளேயே கதையை முடித்தார்கள். மிகப் பெரியவரான சாசர் அதை மீறினார். அந்த மீறலையே கட்டமைப்பாக்கினார்.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கையெழுத்துப் பிரதிக்கு அட்டை கிடையாது, தலைப்புப் பக்கம் கிடையாது, பல நேரம் ஆசிரியர் பெயரும் கிடையாது. பியோவுல்ஃப் என்ற தலைப்பே பிற்காலத்தார் வைத்தது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதும் வழக்கமாக இருந்தது. என்ன வகை நூல், யார் சொல்வது, எதற்காகச் சொல்வது என்ற எல்லாவற்றையும் முதல் சில நூறு அடிகளே சொல்லியாக வேண்டும். 1200ஐ ஒட்டி எழுதிய லயமான் என்ற பாதிரியார் தன் ‘புருட்’ வரலாற்றுக் காவியத்தின் தொடக்கத்தில் தன் பெயரையும், செவர்ன் ஆற்றங்கரையில் தான் வாழ்ந்த ஊரையும், நாடெங்கும் அலைந்து தேடிய மூல நூல்களையும் சொல்லிவிட்டுத்தான் பதினாறாயிரம் அடிகளுக்குள் இறங்குகிறார். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஏறக்குறைய அந்த முகப்பில் இருப்பவைதான்.

தொடக்கம் பற்றிப் பாடமும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்சாஃப் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய ‘புதுக் கவிதையியல்’ ஐரோப்பியப் பள்ளிகளில் நெடுங்காலம் படிக்கப்பட்டது. நடந்த வரிசையில் சொல்வது இயற்கை முறை, அது ஒன்றே ஒன்று. செயற்கை முறையில் எட்டு வழிகள் என்று அவர் வகுத்தார். முடிவிலிருந்து தொடங்கலாம், நடுவிலிருந்து தொடங்கலாம். பழமொழியாலோ எடுத்துக்காட்டாலோ தொடங்கி, அதைக் கதையின் தலை, இடை, கடை மூன்றில் எதனோடும் பொருத்தலாம். வீடு கட்டுபவர் கல்லைத் தொடுமுன் மனத்தில் அளந்துகொள்வதைப் போலக் கவிஞரும் முழு வடிவத்தை மனத்தில் வரைந்த பிறகே எழுத வேண்டும் என்பது அவர் அறிவுரை. சாசர் இந்த உவமையை எடுத்து ‘ட்ராய்லஸும் கிரிசிடும்’ கதையின் முதல் பாகத்தில் பயன்படுத்தியிருக்கிறார். ஆக, முகப்பை வைத்து முழுக் கட்டடத்தையும் திட்டமிடுவது அந்தக் காலத்துக் கவிஞர்களுக்குத் தெரிந்த தொழில்முறை.

அந்தத் தொழில்முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பெயர் தெரியாத ஒரு கவிஞர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் வடமேற்கு வட்டாரப் பேச்சில் ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ என்ற கதையை எழுதியவர். ஆர்தர் அரண்மனையில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், பச்சை உடல் கொண்ட ஒரு வீரன் குதிரையோடு மண்டபத்துக்குள் வருகிறான், தலையை வெட்டச் சொல்கிறான், ஓராண்டு கழித்துப் பதில் வெட்டு வாங்கிக்கொள்ள வரச் சொல்கிறான். கதை இதுதான். ஆனால் கவிதை தொடங்குவது ட்ராய் நகரத்தின் முற்றுகையில். நகரம் எரிந்து சாம்பலாகிறது. துரோகம் செய்த ஒருவன் விசாரிக்கப்படுகிறான். ட்ராய் வீரன் ஈனியாஸின் வழிவந்தவர்கள் மேற்கே பரவி நாடுகளை நிறுவுகிறார்கள். அவர்களில் ஒருவனான புரூட்டஸ் பிரிட்டனை அமைக்கிறான். போரும் வியப்பும், இன்பமும் தடுமாற்றமும் மாறிமாறி வந்த நாடு அது என்று சொன்ன பிறகுதான் ஆர்தர் வருகிறார்.

விருந்து மேசைக் கதைக்கு ட்ராய் எதற்கு? 2525ஆம் அடியில் விடை இருக்கிறது. கவிதையின் முதல் அடி ஏறத்தாழ அப்படியே அங்கே திரும்பி வருகிறது. இடையில் கவெய்ன் ஒரு சிறிய துரோகம் செய்திருக்கிறான்: உயிரைக் காக்கும் என்று நம்பிய பச்சை இடைக்கச்சையை, கொடுத்த வாக்குக்கு மாறாக ஒளித்துவைத்துக்கொண்டான். கழுத்தில் ஒரு கீறலோடு தப்பி, வெட்கத்தோடு ஊர் திரும்புகிறான். அரண்மனையோ சிரித்து, அந்தக் கச்சையையே எல்லோருக்கும் அடையாளமாக்கிக்கொள்கிறது. ட்ராயின் துரோகத்தில் தொடங்கிய வம்சத்தில் இது ஒரு கண்ணி. குற்றம் சிறிதா பெரிதா, சிரித்தவர்கள் சொன்னது சரியா, வெட்கப்பட்டவன் நினைத்தது சரியா என்ற கேள்வியை முதல் இரண்டு செய்யுள்கள் நாடுகளின் வரலாறு அளவுக்கு விரித்துவிடுகின்றன. அந்த இரண்டையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது நல்ல மாயக்கதை ஒன்று மட்டும்.

அதே கைப்பிரதியில் உள்ள ‘முத்து’ என்ற கவிதையும் தொடங்கிய சொற்களின் எதிரொலியிலேயே முடிகிறது. 12 அடிச் செய்யுள்கள் 101, மொத்தம் 1212 அடிகள். ‘பொறுமை’ என்ற மூன்றாவது கவிதையும் பொறுமையைப் போற்றித் தொடங்கி, அதே கருத்தில் வந்து நிற்கிறது. மூன்றையும் ஒருவரே எழுதினார் என்பது பெரும்பாலோர் கருத்து. வட்டமாகக் கட்டுவது அவருடைய கையெழுத்து என்றே சொல்லலாம்.

கனவுக் கவிதைகளில் தொடக்கத்தின் வேலை வேறு. 1368இல் லங்காஸ்டர் கோமகள் பிளான்ச் இறந்தார். அவர் நினைவாக இளம் சாசர் எழுதிய ‘கோமகள் நூல்’ தூக்கம் வராத ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் லத்தீன் கவிஞர் ஆவிடின் கதையொன்றை எடுத்துப் படிக்கிறார்: கடலில் கணவனை இழந்த ஆல்சியோன் கனவில் அவன் உடலைப் பார்க்கிறாள், உண்மை தெரிந்து உயிர்விடுகிறாள். ஆவிடில் தம்பதியர் பறவைகளாக மாறி மீண்டும் சேர்கிறார்கள். சாசர் அந்த மாற்றத்தை எடுத்துவிட்டார். படித்தவர் தூங்கிப்போகிறார், கனவில் கறுப்பு உடை அணிந்த வீரன் ஒருவனைச் சந்திக்கிறார், அவன் தன் காதலியைப் பற்றி நூற்றுக்கணக்கான அடிகள் பேசுகிறான், கடைசியில் அவள் இறந்துவிட்டாள் என்று ஒரே மூச்சில் சொல்கிறான். உரையாடல் அங்கேயே நின்றுவிடுகிறது. முகப்புக் கதையில் ஆறுதலை வெட்டிய கை, முடிவிலும் ஆறுதல் தர மறுக்கிறது. துயரத்தில் இருந்த ஒரு குடும்பத்துக்காக எழுதிய கவிதையில் இத்தனை நேர்மையைக் காட்டியது பெரிய துணிச்சல்.

லாங்லாந்தின் ‘உழவன் பியர்ஸ்’ மால்வெர்ன் குன்றுகளில் ஒரு மே மாதக் காலையில் தொடங்குகிறது. ஓடைக்கரையில் படுத்தவர் கனவில் மூன்றைப் பார்க்கிறார்: உயரத்தில் ஒரு கோபுரம், பள்ளத்தில் ஒரு சிறைக்கோட்டை, நடுவில் மக்கள் நிறைந்த வெளி. உழுபவர், விற்பவர், பிச்சையெடுப்பவர், வழக்குரைஞர், ஊர் திரும்பிப் பொய் சொல்லும் யாத்திரிகர் என எல்லோரும் அந்த வெளியில் இருக்கிறார்கள். நூல் மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. நடு வடிவத்தில் பாயிரமும் இருபது படிகளும் உண்டு. கனவு கலைகிறது, திரும்பத் தூக்கம் வருகிறது, கனவுக்குள் கனவு வருகிறது. ஒவ்வொரு முறையும் நூல் புதிதாகத் தொடங்குவது போலவே இருக்கும். கோபுரத்துக்கு வழி என்ன என்ற முதல் கேள்விக்கு விடை வருவதில்லை. கடைசியில் மனச்சான்று என்ற பாத்திரம் பியர்ஸைத் தேடி யாத்திரை கிளம்புகிறது. நூல் அத்துடன் முடிகிறது. பாயிரத்தில் பொய்யாகத் தோன்றிய யாத்திரை முடிவில் உண்மையாகிறது.

இனி சாசரின் பெரிய நூல். கேன்டர்பரி கதைகளின் பொதுப் பாயிரம் 858 அடிகள். முதல் 18 அடிகளும் ஒரே வாக்கியம். அதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். மழை வேருக்குள் இறங்குகிறது. காற்று துளிர்களைத் தொடுகிறது. சூரியன் மேடராசியில் பாதி ஓட்டம் ஓடியிருக்கிறது. சிறு பறவைகள் தூங்காமல் கூவுகின்றன. ‘இப்படி ஆகும்போது, இப்படி ஆகும்போது’ என்று பதினோரு அடிகள் காத்திருந்த பிறகு பன்னிரண்டாம் அடியில்தான் மனிதர்கள் வருகிறார்கள். யாத்திரை போகத் துடிக்கிறார்கள். அங்கிருந்து உலகம் முழுதும், பிறகு இங்கிலாந்து, பிறகு கேன்டர்பரி, பிறகு 1170இல் கொலையுண்ட தாமஸ் பெக்கட்டின் கல்லறை, நோயுற்றபோது அவர் செய்த உதவி. வேரின் ஈரத்தில் தொடங்கிய வாக்கியம் நோய் தீர்ந்த உடலில் முடிகிறது. உடல் வேட்கையும் ஆன்ம வேட்கையும் ஒரே இலக்கணத்துக்குள் கட்டப்பட்டுவிட்டன. அடுத்து வரும் எல்லாக் கதைகளும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடுகின்றன.

இதைப் போலவே எழுத 1420களின் தொடக்கத்தில் ஜான் லிட்கேட் முயன்றார். ‘தீப்ஸ் முற்றுகை’ நூலின் பாயிரத்தில் தானும் கேன்டர்பரி யாத்திரிகர்களோடு சேர்ந்துகொண்டதாகச் சொல்கிறார். சாசரின் வசந்த வாக்கியத்தை எடுத்து நீட்டுகிறார். அது துணைத் தொடர்களாக நீண்டுகொண்டே போகிறது, முற்றுவினை கிடைக்காமல் திணறுகிறது. சாசரின் பன்னிரண்டாம் அடியில் இருக்கும் திருப்பத்தின் அருமை லிட்கேட்டைப் படித்தால் நன்றாகப் புரியும்.

பாயிரம் ஒரு ஒப்பந்தத்தோடு முடிகிறது. சவுத்வர்க்கில் உள்ள டாபர்ட் விடுதியில் கூடியவர்கள் 29 பேர் என்கிறது நூல். ஒவ்வொருவரும் போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு கதை சொல்ல வேண்டும், சிறந்த கதைக்கு எல்லோர் செலவிலும் ஓர் இரவு விருந்து, நடுவர் விடுதிக்காரர். கதைசொல்லியான சாசரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 120 கதைகள் வரும். கிடைத்திருப்பவை 24. அவற்றிலும் சமையல்காரனின் கதையும் இளம் வீரனின் கதையும் அரைகுறை. சாசர் தானே சொல்லும் சர் தோபாஸ் கதையை விடுதிக்காரர் பாதியில் நிறுத்துகிறார், துறவியின் கதையை நிறுத்துபவர் குதிரைவீரர். 1400இல் சாசர் இறந்தார், நூல் முடியவில்லை என்பது வழக்கமான விளக்கம்.

அது முழு விளக்கம் ஆகாது. ஒப்பந்தம் உடைவது நூலுக்கு உள்ளேயே, முதல் கதை முடிந்த உடனேயே நடக்கிறது. குலத்தில் உயர்ந்த குதிரைவீரருக்குச் சீட்டு விழுந்தது. அடுத்துத் துறவியை அழைக்கிறார் விடுதிக்காரர். குடித்துவிட்டுச் சேணத்தில் உட்கார முடியாமல் ஆடும் மாவாலைக்காரன் குறுக்கே புகுந்து, இப்போது நான்தான் சொல்வேன் என்கிறான். பாயிரத்தின் வரிசை உயர்ந்தோர் முதல் தாழ்ந்தோர் வரை ஓரளவு ஒழுங்காக இருந்தது. இந்தக் குறுக்கீட்டுக்குப் பின் கதைகளின் வரிசையைத் தீர்மானிப்பவை சண்டை, கோபம், போட்டி, குடி. ஒழுங்கை முன்னால் நிறுத்தியதே அது உடையும் ஓசை கேட்பதற்காகத்தான். ஒழுங்கான 858 அடிகள் இல்லாமல் மாவாலைக்காரனின் கலகத்துக்குப் பொருளே இல்லை.

தனிக் கதைகளின் முன்னுரைகளிலும் சாசர் இதைச் செய்கிறார். பாத் நகரத்துப் பெண்மணியின் முன்னுரை 856 அடிகள். அவள் சொல்லும் கதையோ 408. இவ்வளவு நீண்ட முன்னுரையா என்று கூட வரும் ஃபிரையர் துறவி நூலுக்குள்ளேயே சிரிக்கிறார். ஐந்து கணவர்களோடு வாழ்ந்த அனுபவத்தை அவள் சொல்லி முடித்த பிறகு, பெண்கள் விரும்புவது என்ன என்ற கேள்வியைச் சுமந்து அலையும் வீரனின் கதை அவள் வாதத்துக்குச் சான்றாக நிற்கிறது. பாவமன்னிப்புச் சீட்டு விற்பவனோ தான் பணத்தாசையாலேயே பணத்தாசைக்கு எதிராகப் பிரசங்கம் செய்வதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறான். பிறகு அவன் சொல்லும் மூன்று குடிகாரர்களின் கதை, அவன் வாயிலிருந்தே வந்தும், கேட்பவரை உலுக்குகிறது. தீயவன் நல்ல கதை சொல்ல முடியுமா என்ற கேள்வியை எழுப்புவது அந்த முன்னுரைதான்.

‘ட்ராய்லஸும் கிரிசிடும்’ தொடக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுகிறது: ட்ராய்லஸின் இரட்டைத் துயரம், கிரிசிட் அவனைக் கைவிட்டது. என்ன நடக்கும் என்ற ஆவல் போய், எப்படி நடக்கும் என்ற வேதனை ஐந்து பாகங்களுக்கும் தொடர்கிறது.

அரசியலும் தொடக்கத்தைத் தொட்டது. சாசரின் நண்பர் ஜான் கவர் 33,000 அடிகளுக்கு மேற்பட்ட ‘காதலன் பாவஅறிக்கை’ நூலை 1390இல் முடித்தபோது, தேம்ஸ் ஆற்றில் படகில் போகும்போது மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் தன்னை அரச படகுக்கு அழைத்துப் புதிய நூல் ஒன்று எழுதச் சொன்னதாகப் பாயிரத்தில் எழுதினார். சில ஆண்டுகளில் அந்தக் காட்சி நீக்கப்பட்டது. திருத்திய வடிவத்தில் நூல் இங்கிலாந்துக்காக என்றும், லங்காஸ்டர் ஹென்றிக்கு உரியது என்றும் வந்தது. முடிவில் இருந்த ரிச்சர்டின் புகழ்ச்சியும் போயிற்று. அந்த ஹென்றிதான் 1399இல் ரிச்சர்டை இறக்கி அரியணை ஏறினார். நடுவில் உள்ள காதல் கதைகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, இரு முனைகளை மாற்றியதாலேயே அரசனுக்குச் செய்த பணி நாட்டுக்குச் சொன்ன அறிவுரையாகிவிட்டது.

எல்லாத் தொடக்கங்களும் இப்படிக் கதையோடு பிணைந்தவை என்று சொல்ல முடியாது. கேளுங்கள் பெரியோரே என்று அழைக்கும் வீரகாதைகளின் முகப்புகள் பெரும்பாலும் பொது உடைமை. ‘ஹாவலாக்’ கதைசொல்லி தொடங்கும்போதே ஒரு குவளை மது கேட்கிறார். 1330களைச் சேர்ந்த, எடின்பரோவில் உள்ள ஆக்கின்லெக் கைப்பிரதியில் ‘சர் ஆர்ஃபியோ’வின் முதல் ஏடு காணாமல் போய்விட்டது. அதே பிரதியில் உள்ள ‘லே லெ ஃப்ரென்’ கதையின் பாயிரமே இதற்கும் பாயிரம் என்பதால், பதிப்பாசிரியர்கள் அதை எடுத்து இங்கே பொருத்துகிறார்கள். பிரெட்டன் பாடல் மரபைப் பற்றிய அந்த அடிகள் இரண்டுக்கும் ஒத்துப்போகின்றன. அவை கதையின் வகையைச் சொல்கின்றன, வடிவத்தைத் தீர்மானிப்பதில்லை. ‘சர் தோபாஸ்’ கதையில் சாசர் கேலி செய்வது இந்தப் பழகிப்போன முகப்புகளைத்தான்.

மலோரியின் ஆர்தர் கதை இன்னொரு பாடம். 1485இல் அதை அச்சிட்ட வில்லியம் கேக்ஸ்டன் தானே ஒரு முன்னுரை சேர்த்தார். ஆர்தர் உண்மையில் வாழ்ந்தவர் என்பதற்கு டோவர் கோட்டையில் கவெய்னின் மண்டையோடு, வின்செஸ்டரில் வட்ட மேசை என்று சான்றுகளை அடுக்கி, நூலை 21 பாகங்களாகவும் பிரித்தார். 1934இல் வின்செஸ்டர் கல்லூரியில் ஒரு கைப்பிரதி கிடைத்தது. அதை அடிப்படையாக வைத்து 1947இல் யூஜீன் வினாவர் பதிப்பித்தபோது, இது ஒரே நூல் அல்ல, தனித்தனிக் கதைகளின் தொகுதி என்று வாதிட்டார். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தக் கைப்பிரதியில் முதல் ஏட்டுக்கட்டும் கடைசி ஏட்டுக்கட்டும் இல்லை. மலோரி எப்படித் தொடங்கினார் என்பதற்குக் கேக்ஸ்டனின் அச்சுப் பிரதி ஒன்றே சாட்சி. நூலின் ஒருமையைத் தீர்மானிக்க வேண்டிய பக்கங்களே போய்விட்டன.

கேன்டர்பரிக்குத் திரும்பினால், கடைசியில் வரும் பங்குத் தந்தையின் முன்னுரை கவனிக்க வேண்டியது. மாலை நான்கு மணி, சூரியன் தாழ்ந்துவிட்டது, நிழல் நீண்டுவிட்டது. இன்னும் ஒரே ஒரு கதைதான் பாக்கி என்கிறார் விடுதிக்காரர். ஆளுக்கு நான்கு என்ற பேச்சே இல்லை. விருந்துக்குத் திரும்பும் பயணமும் இல்லை. பங்குத் தந்தை கதை சொல்ல மறுத்து, மனம் திரும்புவது பற்றி உரைநடையில் பேசுகிறார். கதைகள் அங்கே முடிகின்றன. 1976இல் ஆய்வாளர் டொனால்ட் ஹோவர்ட் கேன்டர்பரி கதைகள் முற்றுப்பெறாதவை ஆனாலும் முழுமையானவை என்று வாதிட்டார். இரண்டு முனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது.

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த பலர் பொதுப் பாயிரத்தைத் தேர்வுக்காகப் படித்திருப்பார்கள். அதோடு சாசரை மூடிவைத்தும் இருப்பார்கள். பாயிரம் மட்டும் படித்தவர் ஒப்பந்தத்தைப் பார்த்தார், அது என்ன ஆனது என்பதைப் பார்க்கவில்லை. மாவாலைக்காரனின் முன்னுரை 78 அடிகள், பங்குத் தந்தையின் முன்னுரை 74 அடிகள். இந்த இரண்டையும் பாயிரத்தோடு சேர்த்து ஒரு மாலையில் படித்துவிடலாம். இன்றைய ஆங்கில உரைநடையாக்கங்களும் எளிதாகக் கிடைக்கின்றன. பாடத்திட்டம் வகுப்பவர்கள் இவ்விரண்டையும் பாயிரத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும்.